கராஜைச் சூடாக்கிய குளிர்காலம்

1

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தபோது, நாங்கள் இருக்கிற நோபல் பார்க்குக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிற ஒரு தம்பி என்னிடம் வந்தான். வேறு வீடு கிடைக்கும்வரை தன்னுடைய கட்டிலையும் அலுமாரியையும் வைக்க இடம் தேடுகிறானாம். "அன்ரி, உங்கடை கராஜ் சும்மாதானே கிடக்குது?" என்று கேட்டான்.

உண்மைதான், சும்மாதான் கிடக்கிறது. ஆனாலும் எனக்கு உடனே ஓம் சொல்ல வாய் வரவில்லை. "அங்கிளிட்டைக் கேட்டுச் சொல்லுறன், தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், போட்டிருந்த கோயில் சீலையோடேயே கராஜுக்குள் போய் நின்றேன். வெறும் சீமெந்துத் தரை. நடுவில், எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகாத ஒரு எண்ணெய்க் கறை. குளிர் எலும்புக்குள் இறங்கியது. போன வருஷம் இதே மாதத்தில் எங்கள் வீட்டிலேயே சூடான இடம் இதுதான் என்று சொன்னால், இப்போது யாரும் நம்பமாட்டார்கள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மெல்பேர்னில் பனி கொட்டுவதில்லை. அதனால் தொலைபேசியில் கதைக்கிற சொந்தக்காரர்கள் எல்லாரும், "உங்களுக்கென்ன, கனடாவில இருக்கிறவைதான் பாவங்கள்" என்பார்கள். இங்கேயுள்ளது ஈரக் குளிர். வீடுகளை வெயிலை நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். யன்னல் இடுக்கால் காற்று வரும். கராஜ் இன்னும் மோசம். ஒற்றைக் கல் சுவர், தகரக் கூரை, சுருண்டு மேலே போகிற தகரக் கதவு. அந்தக் கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் போகிற அளவு இடைவெளி. இங்கே யூலைதான் நடுக் குளிர்காலம்; அந்த மாதக் காலையில் அதற்குள் நின்று இரும்பைத் தொட்டால், சுட்டதா குளிர்ந்ததா என்று கை ஒரு கணம் தடுமாறும்.

அதற்குள்தான் என் மகள் ஒரு ஜீப்பின் என்ஜினைக் கழற்றிப் போட்டாள்.

2

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான் ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிறேன். அவர், என் கணவர், டண்டினோங் பக்கத்தில் கோழி இறைச்சி பொதி செய்கிற தொழிற்சாலையில், குளிர் அறைக்குள் வேலை. மன்னாரில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே வந்த நாளிலிருந்து தடித்த உடுப்புக்குள் நிற்கிறார். வேலை முடிந்து வந்தால் முதலில் ஹோலில் இருக்கிற ஹீற்றருக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அதன் பிறகுதான் தேத்தண்ணி.

மூன்றாவது ஆள் ஜெனி. கைக்குழந்தையாகக் கொண்டுவந்த பிள்ளை. இங்கேயே நடந்து, இங்கேயே பேசிப் பழகியவள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். நல்லாகப் படித்தாள். பல்கலைக்கழகத்தில் பார்மசி கிடைத்தது. அவர் அதைக் கோயிலில் எல்லாருக்கும் சொன்னார், ஊருக்கும் எடுத்துச் சொன்னார். மூன்றாம் வருஷம் நடுவில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில், படிப்பை விட்டுவிட்டதாக ஜெனி சொன்னாள். கேட்டுச் சொல்லவில்லை. விட்டுவிட்டுத்தான் சொன்னாள். டண்டினோங்கில் ரயர் மாற்றுகிற கடை ஒன்றில் வேலைக்கும் சேர்ந்துவிட்டிருந்தாள்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அடுத்த நாள் ஆறியிருக்கும். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். அன்றிலிருந்து அவளோடு நேரே கதைக்கவில்லை.

"இஞ்சரும், அவள் சாப்பிட்டாளோ எண்டு கேளும்" என்பார், அவள் எதிரே இருக்கும்போதே.

"அப்பாட்ட சொல்லுங்கோ, ஐ ஹாவ் ஈற்றன்" என்பாள் அவள்.

ஒரே மேசையில் இருந்து என் வழியாகவே பல மாதம் கதைத்தார்கள்.

இந்த நிலையில்தான் ஒருநாள் இழுவை லொறியொன்று வாசலில் வந்து நின்று, பழைய ஜீப் ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. என்ஜின் பழுது, அதனால் மலிவாக வந்தது என்றாள். திறந்து, எண்ணெய் அளவு பார்க்கிற கோலை இழுத்துக் காட்டினாள். எண்ணெய் கறுப்பாக இல்லாமல் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது, மேல் பாகத்தைக் கழற்றி உள்ளே இருக்கிற தகட்டை மாற்றவேண்டும், தானே செய்யப்போகிறேன் என்றாள்.

"ஏன் பிள்ளை இவ்வளவு கஷ்டம்? உனக்கு ஓட ஒரு சின்னக் கார் காணாதே?"

அவள் கோலைத் துடைத்துத் திரும்பச் செருகினாள். பிறகு சொன்னாள். அலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு பெரிய வேர்க்‌ஷொப்பில் மெக்கானிக் வேலை பழக இடம் கிடைத்திருக்கிறது. வசந்தம் தொடங்கும்போது போகவேண்டும். அந்த ரோட்டுக்கு இந்த மாதிரி வண்டிதான் சரிவரும்.

கைத்தொலைபேசியில் வரைபடத்தைக் காட்டினாள். நாட்டின் நட்டநடுவில் ஒரு புள்ளி. சுற்றிவர ஒன்றுமில்லை.

"மூண்டு நாள் ட்ரைவ்தான், அம்மா."

அதை அவரிடம் நான்தான் சொன்னேன். அவர் ஹீற்றருக்கு முன்னால் நின்றபடியே கேட்டார். "அந்த வாகனம் ஓடாது" என்று மட்டும் சொன்னார்.

3

சனி ஞாயிறுகளிலும் வேலை முடிந்த பின்னேரங்களிலும் ஜெனி கராஜுக்குள் போவாள். தலைக்குக் கம்பளித் தொப்பி, இரண்டு ஸ்வெட்டர். கையுறை போட்டால் சின்ன ஆணிகளைப் பிடிக்க ஏலாது, அதனால் வெறுங்கை. உள்ளே வரும்போது விரல்களெல்லாம் நீலம் பாரித்திருக்கும். ஒருநாள் சாப்பிட இருந்தபோது அவளால் கரண்டியைப் பிடிக்கமுடியவில்லை. நான் அவள் இரண்டு கைகளையும் என் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டேன். இழுத்துக்கொள்ளவில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் கை என் கைக்குள் அவ்வளவு நேரம் இருந்தது.

அவர் மேசையின் அந்தப் பக்கம் இருந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பார்த்தாரா என்று எனக்கு அப்போது தெரியாது.

எனக்கு என் அண்ணனின் ஞாபகம் வந்தது. சூசை அண்ணன் மன்னாரில் கருவாட்டு லொறி வைத்திருந்தவர். லொறி பழுதானால் பெருக்கமரத்துக்குக் கீழே கொண்டுபோய் விடுவார். அங்கே எங்களுக்கு வெயில்தான் பிரச்சினை. விடியமுதல் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும். முடியாவிட்டால் என்ஜின்மேல் நனைத்த சாக்குப் போடுவார். ஸ்பனர்கள் கையைச் சுடும் என்று அவற்றை ஒரு வாளித் தண்ணீருக்குள் போட்டு வைப்பார். நான் தேத்தண்ணி கொண்டுபோனால், "தேத்தண்ணியைக் கீழ வை, முதல்ல அந்த வாளிக்குள்ள இருந்து பெரிய ஸ்பனரை எடு" என்பார். கையை விட்டுத் துழாவும்போது அந்தத் தண்ணீரும் இளஞ்சூடாகத்தான் இருக்கும். அவர் முதுகில் வியர்வை ஓடி உப்புக் கோடு காய்ந்திருக்கும். கடற்காற்று வந்தாலும் சுடுகாற்றாகத்தான் வரும். அந்தச் சூட்டை அன்றைக்கு எவ்வளவு சபித்திருப்பேன்.

அண்ணன் இறந்தபோது எங்களுக்கு இங்கே பிரிட்ஜிங் விசா. அகதி வழக்கு முடியும்வரை இருக்கலாம், வேலை செய்யலாம், நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர ஏலாது. குடிவரவு அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தோம். பயண அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், பதில் வரக் கிழமைக்கணக்கில் ஆகும் என்றார்கள். மன்னாரில் பிரேதத்தைக் கிழமைக்கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். மச்சாள் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இங்கே நான் குசினிக் கதிரையில் இருந்து அடக்கத்தைப் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. பெட்டியை இறக்குகிற நேரத்தில் படம் நின்றுபோய்விட்டது.

இப்போது எங்களுக்குக் குடியுரிமை இருக்கிறது. எந்த நேரமும் போகலாம். போய் யாரைப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு அன்றிரவு ஜெனியின் கைகளைத் தேய்த்தேன். கராஜைச் சூடாக்கவேண்டும் என்று நினைத்தேன். சூடானால் வேலை கெதியாக முடியும், வேலை கெதியாக முடிந்தால் இவள் கெதியாகப் போய்விடுவாள் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

4

ஆனால் என்னை முந்திக்கொண்டு அவர் செய்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை நான் குசினிக்குள் வந்தபோது, அவர் ஏற்கனவே மேசையில் இருந்தார். வேலையில்லாத நாளில் அவர் அவ்வளவு வெள்ளனவாக எழும்புவதில்லை. தேத்தண்ணியை முன்னால் வைத்துக்கொண்டு கராஜ் பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, நித்திரை வரேல்லையோ?" என்றேன்.

"ஒண்டுமில்லை" என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஜெனி தலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கராஜ் கதவைத் திறந்து உள்ளே போனாள். போன கையோடு அவள் கத்துகிற சத்தமும், தகரக் கதவு கடகடவென்று மேலே போகிற சத்தமும் கேட்டன. நான் ஓடினேன்.

வெளியே புல்லில் ஒரு காஸ் ஹீற்றர் கிடந்தது. சிலிண்டரை உள்ளே வைத்துக் கொளுத்துகிற வகை. அவளே அணைத்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறாள். குனிந்து இருமிக்கொண்டிருந்தாள். கராஜ் கதவின் கீழ் இடைவெளி முழுவதும் பழைய துவாய்கள் இறுக்கி அடைக்கப்பட்டிருந்தன. மூலையில், ஹீற்றர் இருந்த இடத்துக்குக் கிட்டவே, சாமான்களைக் கழுவ அவள் வைத்திருந்த பெற்றோல் தட்டு.

"அம்மா, நீங்களா செய்தனீங்கள்?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். அவள் எனக்குப் பின்னால் பார்த்தாள். அவர் வாசற்படியில் நின்றார்.

ஜெனி ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். உள்ளே பெற்றோல் இருக்கிறது, நெருப்புப் பிடித்திருக்கும். கதவுகளை அடைத்துவிட்டுக் காஸ் கொளுத்தினால் நச்சுக்காற்று, மணமே தெரியாது, இருந்த இடத்திலேயே ஆள் முடிந்துபோகும். என்ன செய்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமல், நேரே அவளைப் பார்த்துச் சொன்னார்.

"குளிருமெண்டுதான் வைச்சனான். உன்ரை கை நீலமாக் கிடந்தது."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் அவளிடம் நேரே சொன்ன முதல் பேச்சு அது. அவளுக்கும் அது விளங்கியது. 

"அப்பா, செத்துப் போயிருப்பம்" என்றாள் கடைசியில், தமிழில்.

"ஓம்" என்றார் அவர். அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

அவள் உள்ளே போய் என்ஜினைப் பார்த்தாள். மேல் பாகம் கழற்றிக் கிடந்த இரும்பின்மேல் முத்து முத்தாகத் தண்ணீர் பூத்திருந்தது. காஸ் எரியும்போது ஈரம் வரும், அது குளிர்ந்த இரும்பில் படியும், துருப்பிடிக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு துணியால் துடைத்தாள். அவரும் கிட்டப் போய் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எங்கடை ஃபாக்டரியிலையும் இப்பிடித்தான். கதவைத் திறந்து விட்டால் சுவரெல்லாம் வேர்க்கும்."

"யா? அப்ப என்ன செய்வீங்கள்?"

"திறக்க விடமாட்டினம்."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் மற்றத் துணியை எடுத்து, தானும் துடைக்கத் தொடங்கினார். நான் அங்கே நிற்கவில்லை. தேத்தண்ணி போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். கதவை மட்டும் கொஞ்சம் திறந்தபடி விட்டேன்.

அவர் சொல்வது கேட்டது. "நான் இவ்வளவு காலமும் குளிருக்குள்ள நிண்டது, நீ நிக்கக் கூடாது எண்டுதான்."

துணி இரும்பில் தேய்கிற சத்தம் கேட்டது.

"தெரியும் அப்பா. பட் எனக்கு இது விருப்பம்."

"குளிரோ?"

"இல்லை. வேலை."

5

அடுத்த கிழமை அவர் தொழிற்சாலையிலிருந்து ஒரு பெரிய சுருளைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். குளிர் அறை வாசல்களில் தொங்குமே, தடித்த பிளாஸ்ரிக் பட்டிகள், ஆளும் வண்டியும் ஊடே போகலாம், குளிர் வெளியே வராது. புதிதாக மாற்றியபோது பழையதை எறியப் போனார்களாம், கேட்டு வாங்கியிருக்கிறார். அங்கே குளிரை உள்ளே வைத்திருந்த பட்டிகளைக் குளிரை வெளியே நிறுத்துவதற்காகத் தகரக் கதவுக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கவிட்டார். கதவின் அடியில் ரப்பர் ஒட்டினார். தரைக்குத் தடித்த பாய்கள் வந்தன. வீடு மாற்றுகிற லொறிகளில் தளபாடத்தைச் சுற்றுகிற போர்வைகள் நாலைந்தை வாங்கிவந்து, கயிறு கட்டி, ஜீப்பின் முன்பக்கத்தைச் சுற்றி ஒரு கூடாரம் மாதிரி ஆக்கினார். முழுக் கராஜையும் சூடாக்கத் தேவையில்லை, வேலை நடக்கிற இடம் சூடானால் போதும் என்றார்.

பெற்றோல் வெளியே தோட்டக் கொட்டிலுக்குப் போனது. எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீற்றர் ஒன்றை ஜெனி கொண்டுவந்தாள். நெருப்பு இல்லை, புகை இல்லை. அதைக் கூட்டிக் குறைக்காமல், ஒரே அளவில், கொஞ்சச் சூட்டில் விட்டுவைக்கவேண்டுமாம். ஒட்டுகிற பசை குளிரில் காயாது, அதற்கும் அந்தச் சூடு வேண்டும். ஜெனி வேலையால் வருகிற நேரத்தைக் கணக்குப் பார்த்து, சுடுதண்ணிப் பையை ஒரு துணியில் சுற்றி, ஸ்பனர்கள் கிடக்கிற மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவேன். அவள் முதல்நாள் லாச்சியைத் திறந்து ஸ்பனரை எடுத்தாள். அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான்.

பிறகு வந்த கிழமைகளைப் பற்றி என்ன சொல்ல. நான் வேலையால் வந்து, கதிரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, மரக்கறி வெட்டினாலும் அதற்குள் இருந்துதான் வெட்டினேன். அவர் ஒரு பக்கம் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். என்ஜினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதபடியால் கேட்டுக்கொண்டே இருப்பார். அவள் பாதி தமிழில் பாதி ஆங்கிலத்தில் சொல்லுவாள். "இதுக்குத் தமிழ் என்ன அம்மா?" என்று ஏதாவது ஒரு சாமானைத் தூக்கிக் காட்டுவாள். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. "நட்டுக்கு நட்டுத்தான்" என்பார் அவர். மீன்குழம்பும் சோறும் அங்கேயே வைத்துச் சாப்பிட்டோம். மழை தகரத்தில் விழும். உள்ளே இளஞ்சூடு, எண்ணெய் மணம்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் இருந்ததில்லை. அவள் ஒரு ஆணியை இறுக்கி முடிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒன்று கழன்றது. இந்தத் தகடு பொருந்தாமல் போகட்டும், இன்னொரு சாமான் உடையட்டும் என்று நான் வேண்டிக்கொண்ட நாட்களும் உண்டு.

6

எங்களது வாடகை வீடு. சில மாதங்களுக்கு ஒருமுறை ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். வருவதாக அறிவித்தல் வந்தது. நான் வீட்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்தேன். கராஜை மறந்துபோனேன்.

வந்தவள் ஜெனியின் வயதுப் பெண். கையில் ஐபாட். ஒவ்வொரு அறையாகப் படமெடுத்து, கடைசியில் கராஜ் கதவைத் திறந்தாள். பிளாஸ்ரிக் பட்டி, பாய், போர்வைகள், ஹீற்றர், கதிரை, தேத்தண்ணிக் கேத்தல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இந்த இடத்தை யார் பாவிக்கிறார்கள் என்று கேட்டாள்.

வீட்டில் நாங்கள் சொல்லுவோமே, "அவள் எந்த நேரமும் கராஜுக்குள்ளதான் கிடக்கிறாள்" என்று. அதை அப்படியே என் ஆங்கிலத்தில் சொன்னேன். "மை டோட்டர். ஓல்வேய்ஸ் லிவிங் ஹியர்."

அந்தப் பெண் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். போர்வைகளைப் பார்த்தாள். எதையோ தட்டி எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிப் போனாள்.

இரண்டாம் நாள் மின்னஞ்சல் வந்தது. கராஜை மனிதர் குடியிருக்கப் பயன்படுத்துவது ஒப்பந்தத்துக்கு மாறானது. படுக்கைகளையும் திரைகளையும் ஹீற்றரையும் இரண்டு கிழமைக்குள் அகற்றி, பழைய நிலைக்குக் கொண்டுவரவேண்டும். ஜெனி அதை வாசித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யாரும் குடியிருக்கவில்லை, வாகனம் திருத்துகிறோம் என்று பதில் எழுதினாள். அதற்கு வந்த பதில், வாகனம் திருத்தவும் அனுமதியில்லை என்றது. அவர் தொலைபேசி எடுத்துப் பார்த்தார். ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தொடர்பு விட்டுப்போனது.

ஜெனி கலண்டரைப் பார்த்தாள். "அப்ப நான் அதுக்குள்ள முடிக்கவேணும்" என்றாள். வசந்தம்வரை இருக்கிறேன் என்றவள், வண்டி ஓடத் தொடங்கினால் முந்தியே போகலாம், அங்கே வேர்க்‌ஷொப்பிலும் ஆள் தேவைப்படுகிறது என்று சொன்னாள்.

அன்றிரவு நான் குசினிக்குள் நின்று அழுதேன். ஒரு சொல் மாறிச் சொன்னதால் என் பிள்ளையை ஒரு மாதம் முந்தி அனுப்பப்போகிறேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"நீர் சரியாத்தான் சொன்னனீர்" என்றார். "எங்களிட்டைத் திரும்பி வந்த பிறகு அவள் வாழ்ந்தது அதுக்குள்ளதானே."

7

இரண்டு கிழமை முடிவதற்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் அவள் சாவியைத் திருப்பினாள். நான் உள்வாசலில் நின்றேன். அவர் வெளியே மழையில் நின்று, வாய்க்கால் அடைபட்டிருக்கிறது என்று ஒரு தடியால் கிண்டிக்கொண்டிருந்தார். வாய்க்கால் அடைபட்டிருக்கவில்லை.

முதல் முறை உறுமிவிட்டு நின்றது. இரண்டாம் முறையும் நின்றது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை வந்தது, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. ஜெனி இறங்கவில்லை. ஸ்ரியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் தடியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். நனைந்த கையால் அவள் தோளில் ஒருமுறை தட்டினார்.

பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. ரோட்டில் ஓடத் தகுதி என்று சான்றிதழ் எடுக்க முதல்முறை போனபோது, ஒரு விளக்கும் முன்கண்ணாடி வெடிப்பும் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம்முறை கிடைத்தது. அவரே ஏணி வைத்துப் பிளாஸ்ரிக் பட்டிகளைக் கழற்றிச் சுருட்டினார். அந்த ஏஜென்சிப் பெண் வந்து வெறும் கராஜைப் படமெடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன அன்று காலை மழை இல்லை. பின்சீற்று முழுக்கச் சாமான். நான் புட்டு அவித்து, மீன்பொரியலோடு பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். நெற்றியில் சிலுவை போட்டேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு, ஏறி, என்ஜினைக் கிளப்பினாள்.

அவர் முன்பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தார்.

"ஒரு சத்தம் கேக்குது" என்றார்.

"வட் நொய்ஸ்?"

"கேக்குது. ஓடேக்கை எப்பிடியெண்டு பாக்கவேணும். சந்திவரைக்கும் வாறன்."

அவள் பக்கத்து சீற்றில் இருந்த பையைப் பின்னால் எறிந்தாள். அவர் வீட்டுச் செருப்போடு ஏறிக்கொண்டார். ஜீப் தெருமுனையில் திரும்பிப் போனது. நான் வாசலில் நின்றேன். சந்தி நடக்கிற தூரம்தான், இப்போது வந்துவிடுவார் என்று நின்றேன். வரவில்லை. அவருடைய கைத்தொலைபேசி மேசையில் கிடந்தது.

நான் உள்ளே வந்து, அவளுடைய கட்டில் விரிப்பை உருவி, தோய்க்கப் போட்டேன். அதன் பிறகுதான் ஜெனி தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா," என்றாள், "அப்பா இன்னும் இறங்கேல்லை."

"எங்கை நிக்கிறியள்?"

"பல்லராட்டுக்குக் கிட்ட."

பல்லராட் என்றால் மெல்பேர்ன் நகரத்தையும் கடந்து, மேற்கே இன்னும் எவ்வளவோ தூரம்.

"என்ன செய்யிறார்?"

"ஒண்டும் சொல்லேல்லை. சும்மா இருக்கிறார். புட்டுச் சாப்பிட்டம்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "அங்க ஸ்ரேஷன் இருக்கு. ட்ரெயினில ஏத்தி விடுறன். பயப்படாதைங்கோ."

பின்னேரம் நான் நோபல் பார்க் ஸ்ரேஷன் வாசலில் காரை விட்டுக் காத்திருந்தேன். வேலையால் வருகிற சனம் எல்லாம் இறங்கிப் போனபிறகு, கடைசியாக அவர் வந்தார். சட்டையை மூடி ஜெனியின் பழைய கம்பளிச் சால்வை. காலில் அதே வீட்டுச் செருப்பு. செருப்புக்குள் தடித்த, மஞ்சள் நிறக் காலுறை. அதில் கங்காரு படம் போட்டிருந்தது. சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்பார்களே, அந்த வகை. ஏறி இருந்து கதவைச் சாத்தினார்.

"சத்தம் எப்பிடி?" என்று கேட்டேன்.

"சத்தம் ஒண்டும் இல்லை" என்றார். "நல்லா ஓடுது."

நான் அவருடைய காலைப் பார்த்தேன்.

"பெற்றோல் அடிக்க நிண்ட இடத்தில வாங்கித் தந்தவள். கால் குளிருதோ எண்டு கேட்டாள். இல்லை எண்டுதான் சொன்னனான். நம்பேல்லை."

யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ரயில் ஒன்று டண்டினோங் பக்கம் போனது. நான் காரை எடுத்தேன். ஹீற்றரைப் போடக் கை போனது.

"வேண்டாம்" என்றார் அவர். "எனக்குக் குளிரேல்லை."